எல்க்ஹார்ட்: இரண்டு முறை பாதியான உற்பத்தி

2006ல், உள்ளேயே தங்கிப் பயணிக்க உதவும் ஆர்.வி. வண்டிகளைக் கட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 3,90,500 வண்டிகள் வெளியே போயின. 2009ல் அந்த எண்ணிக்கை 1,65,700. மூன்றே ஆண்டில் பாதிக்கும் மேல் காணாமல் போனது. அந்த வண்டிகளில் பெரும்பங்கைக் கட்டித் தரும் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வேலையின்மை 20 சதவீதத்தை ஒட்டிப் போய் நின்றது.

அப்புறம் 2021. 6,00,240 வண்டிகள், அதற்கு முன் எந்த ஆண்டும் காணாத உச்சம். இரண்டே ஆண்டில், 2023ல், அது 3,13,174 ஆனது. மறுபடியும் கிட்டத்தட்ட பாதி. ஆனால் இந்த முறை அதே கவுன்ட்டியில் வேலையின்மை மிகக் குறைந்த ஒற்றை இலக்கத்திலேயே இருந்தது.

ஒரே ஊர், ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே அளவு சரிவு. முடிவு மட்டும் தலைகீழ். இதைப் பார்த்ததும் ஊர் தேறிவிட்டது, தொழில் பக்குவப்பட்டுவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதியவர்களும் உண்டு. என் வாசிப்பு வேறு. இரண்டாவது முறையும் அடி விழுந்தது. வேலையின்மைக் கணக்கில் அவ்வளவாகப் பதியாத இடத்தில் விழுந்தது, அவ்வளவுதான். அந்த இடம் எது என்று தெரியாமல் இந்தப் பிராந்தியத்தின் எதிர்காலத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

ஊரும் பொருளும்

எல்க்ஹார்ட் கவுன்ட்டி இந்தியானாவின் வடக்கு எல்லையில், மிச்சிகன் மாநிலத்தை ஒட்டி இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2,07,047 பேர். எல்க்ஹார்ட், கோஷென் ஆகிய இரண்டும் பெரிய ஊர்கள்; மிடில்பரி, நப்பானி, வாக்கருசா போன்றவை சிற்றூர்கள். அமெரிக்கா முழுக்க எடுத்துக்கொண்டால் பத்து வேலைகளில் ஒன்றுகூட உற்பத்தித் துறையில் இல்லை. இங்கே ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. நாட்டில் தயாராகும் ஆர்.வி.களில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தியானாவிலிருந்து வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதி இந்தக் கவுன்ட்டியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் கட்டப்படுகிறது.

ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இன்ஜினோடு தானே ஓடுவது ஒரு வகை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது இன்னொரு வகை. எண்ணிக்கையில் பெரும்பகுதி இந்த இழுவை வகைதான். இதை யாரும் அவசரத்துக்கு வாங்குவதில்லை. பழைய காரின் இன்ஜின் போய்விட்டால் வேறு கார் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆர்.வி.யை இந்த ஆண்டு வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு வாங்கலாம், வாங்காமலே இருக்கலாம். வாங்குகிறவர்களில் பலர் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுக் கடனில் வாங்குகிறார்கள். தள்ளிப்போடக்கூடிய பொருள், அதுவும் கடனில் வாங்கும் பொருள். ஒரு கவுன்ட்டியின் பிழைப்பே இதன் மேல் நிற்கிறது.

இந்தத் தொழில் இங்கே வந்து சேர்ந்ததில் இயற்கை வளத்துக்குப் பெரிய பங்கில்லை. 1930களில் சிகாகோ உலகக் கண்காட்சியில் டிரெய்லர் வீடுகளைப் பார்த்த வில்பர் ஷூல்ட் எல்க்ஹார்ட்டில் அதைக் கட்டி விற்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரிடம் வேலை பார்த்தவர் தனியாக என்று பெருகியது. ஆரம்பிக்கப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு கொட்டகை, சில சுத்தியல்கள், நாலு தச்சர்கள், சக்கரமும் அச்சும் கடனுக்குத் தரும் ஓர் ஆள் இருந்தால் போதும்.

இன்று மூன்று நிறுவனங்களின் கையில் சந்தையின் பெரும்பகுதி இருக்கிறது. எல்க்ஹார்ட்டில் தலைமையகம் வைத்திருக்கும் தோர். 2005ல் பெர்க்‌ஷயர் ஹாத்வே வாங்கிய ஃபாரஸ்ட் ரிவர். அயோவாவில் பிறந்து, 2016ல் மிடில்பரியின் கிராண்ட் டிசைனை வாங்கி இந்தப் பக்கம் பலமாகக் காலூன்றிய வின்னபேகோ. மிடில்பரியின் பெரிய உள்ளூர்ப் பெயரான ஜேகோவையும் அதே 2016ல் தோர் 57.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது.

தளத்துக்குள்ளே

இந்தப் பொருளாதாரம் ஏன் இவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதற்கான விடை தொழிற்சாலைத் தளத்திலேயே கிடக்கிறது. இரும்புச் சட்டகம் முதலில் உள்ளே வரும். அதன் மேல் தரை. அடியில் தண்ணீர்க் குழாயும் கம்பிகளும். அடுத்த இடத்தில் அலமாரி, கட்டில், சமையல் மேடை எல்லாவற்றையும் திறந்த தரையிலேயே வைத்து முடுக்கிவிடுவார்கள். பக்கச் சுவர்கள் அதற்கப்புறம்தான் வந்து நிற்கும். பிறகு கூரை, ஜன்னல், மழைநீர் கசிகிறதா என்ற சோதனை. சுவருக்கும் தரைக்கும் போகும் மெல்லிய லவான் ஒட்டுப்பலகை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது. ரோபோக்கள் அரிது. பெரும்பாலும் கைவேலை, அதுவும் ஓட்டமும் நடையுமாக.

கூலி பெரும்பாலான ஆலைகளில் எண்ணிக்கைக் கணக்கு. அன்றைக்கு இத்தனை வண்டி என்று இலக்கு. முடித்தால் வீட்டுக்குப் போகலாம். விடிவதற்கு முன்பே ஆரம்பித்து, மதியத்துக்குக் கொஞ்சம் பின்னால் முடித்துவிடுவது இங்கே வழக்கம். ஆர்டர் நிரம்பி வழியும் காலத்தில் பட்டப்படிப்பு இல்லாத ஓர் இளைஞர் வேறு பல பிராந்தியங்களில் பார்க்க முடியாத சம்பளத்தை இங்கே பார்க்கலாம். ஆர்டர் குறைந்தால் வாரத்துக்கு ஐந்து நாள் நான்காகும், மூன்றாகும். ஆளை வேலையைவிட்டு நீக்க வேண்டியதில்லை. வேலைநாளைக் குறைத்தாலே போதும்.

இன்னொன்று. பல கோடி டாலர் இயந்திரம் நிற்கும் கார் தொழிற்சாலையை மூடுவது முதலாளிக்கே வலிக்கும். இங்கே இயந்திரச் செலவு குறைவு. அதனால் ஒரு கட்டடத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டு, தேவை வரும்போது திரும்பத் திறப்பது எளிது. தொழில் தொடங்க எது வசதியாக இருந்ததோ அதுவே தொழிலை நிறுத்தவும் வசதியாக இருக்கிறது.

2009: எல்லாம் ஒரே நேரத்தில்

2008 கோடையில் பெட்ரோல் ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியது. ஆனால் அந்தச் சரிவை எரிபொருள் விலை என்று மட்டும் படிப்பது அரைகுறை. பெட்ரோல் விலை பின்னால் இறங்கியது. வண்டி விற்பனை இறங்கியபடியேதான் இருந்தது. காரணம், கடன் நின்றுபோனது. வாங்குகிறவருக்கும் கடன் இல்லை, விற்கும் டீலருக்கும் இல்லை.

டீலர் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிந்தைய கதைக்கும் இதுதான் திறவுகோல். டீலர் தன் முற்றத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகள் பெரும்பாலும் அவர் சொந்தப் பணத்தில் வாங்கியவை இல்லை. ஒரு நிதி நிறுவனம் அந்தச் சரக்குக்குக் கடன் கொடுத்திருக்கும். வண்டி விற்கும் வரை டீலர் வட்டி கட்டுவார். ஓர் உதாரணக் கணக்கு: தலா 40,000 டாலரில் 100 வண்டிகள் என்றால் 40 லட்சம் டாலர் சரக்கு. 3 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1.2 லட்சம் டாலர். அதே 8 சதவீதமானால் 3.2 லட்சம். ஒரு வண்டிகூட அதிகமாக விற்காமல் செலவு மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல். டீலர் என்ன செய்வார்? இருப்பதை விற்று முடிக்கும் வரை புது ஆர்டர் கொடுக்க மாட்டார். கடைசி வாடிக்கையாளரின் தேவை 20 சதவீதம் குறைந்தால் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் 40 சதவீதம் குறைவது இப்படித்தான்.

2008-09ல் வட்டி உயர்ந்தது என்பதைவிட, சரக்குக் கடன் கொடுப்பவர்களே தொழிலைவிட்டு வெளியேறியதுதான் பெரிய அடி. மொனாகோ கோச் நிறுவனம் இந்தியானா ஆலைகளை மூடி, 2009 மார்ச்சில் திவாலானது. 1964லிருந்து இங்கே வேரூன்றியிருந்த கோச்மென் 2008 இறுதியில் தன் ஆர்.வி. பிரிவை ஃபாரஸ்ட் ரிவரிடம் விற்றது. நாட்டில் மற்ற வேலைகளும் அதே நேரத்தில் மறைந்துகொண்டிருந்தன. 2009 அக்டோபரில் தேசிய வேலையின்மை 10 சதவீதம். வீட்டு விலையும் விழுந்ததால் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகவும் வழியில்லை. ஒபாமா பதவியேற்ற மூன்றாவது வாரமே, 2009 பிப்ரவரி 9 அன்று, தன் ஊக்கத் திட்டத்துக்கு ஆதரவு தேட எல்க்ஹார்ட்டுக்கு வந்தார். அந்த மந்தத்தின் முகமாக ஊர் ஆகிப்போனது.

2023: அடி விழுந்த இடம்

நடுவில் 2020 ஏப்ரலில் வேலையின்மை 30 சதவீதத்தை ஒட்டிப் போனது. அது கொரோனாவுக்காக ஆலைகளைப் பூட்டியதன் விளைவு. பொருளுக்குத் தேவை குறைந்ததால் வந்ததில்லை. சில வாரங்களில் திறந்தார்கள். விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் பயந்தவர்கள் ஆர்.வி. கேட்டு வரிசையில் நின்றார்கள், வட்டியும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. 2021 இறுதியில் கவுன்ட்டியின் வேலையின்மை 2 சதவீதத்துக்கும் கீழே. ஆளுக்காக நிறுவனங்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

பிறகு 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25 – 5.50 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. டீலர்கள் மேலே சொன்ன கணக்கைப் போட்டார்கள். 2022ல் 4,93,268 ஆக இருந்த எண்ணிக்கை மறு ஆண்டு 3,13,174.

சரி, இந்த முறை ஏன் 20 சதவீதம் வரவில்லை? நாட்டின் மற்ற துறைகள் ஆள் கேட்டுக்கொண்டிருந்தன என்பது முதல் காரணம், அநேகமாகப் பெரிய காரணமும். கடன் விலை உயர்ந்ததே தவிர நின்றுபோகவில்லை. இணைப்புகளுக்குப் பிறகு மிஞ்சியிருந்த நிறுவனங்கள் பெரியவை. உச்சத்தில் சம்பாதித்ததை வைத்துத் தாக்குப்பிடித்தன. இவையெல்லாம் உண்மை. ஆனால் மீதிக் கதை கூலிமுறையில் இருக்கிறது. 2021ல் ஆறு நாள் உழைத்து வாங்கிய சம்பளம் 2023ல் மூன்று, நான்கு நாள் சம்பளமானது. வேலையில் இருப்பவர் வேலையில் இருப்பவராகவே கணக்கில் நிற்கிறார். அவர் வீட்டு வருமானம் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம். வேலையின்மை விகிதத்துக்கு அது தெரியாது.

அடுத்தது, யார் எங்கே எண்ணப்படுகிறார் என்பது. வேலையின்மை விகிதம் தொழிலாளி வசிக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எல்க்ஹார்ட் ஆலைகளுக்குப் பக்கத்து செயின்ட் ஜோசப், லகிராஞ்ச் கவுன்ட்டிகளிலிருந்தும் மிச்சிகன் பக்கமிருந்தும் தினமும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேலை போனால் அது அவர்கள் கவுன்ட்டியின் கணக்கு.

மூன்றாவதாக, அமிஷ் தொழிலாளர்கள். நவீன வசதிகளிலிருந்து ஒதுங்கி எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். எல்க்ஹார்ட்–லகிராஞ்ச் பகுதி அமெரிக்காவின் மூன்றாவது பெரிய அமிஷ் குடியிருப்பு. அவர்களில் நிறையப் பேர் ஆர்.வி. ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அரசு உதவித்தொகை வாங்குவதை நம்பிக்கை காரணமாகத் தவிர்க்கும் வழக்கம் அவர்களிடையே பரவலாக உண்டு. கவுன்ட்டி அளவிலான வேலையின்மை மதிப்பீட்டில் உதவித்தொகை விண்ணப்பங்களுக்குப் பெரிய இடம் இருக்கும்போது, விண்ணப்பிக்காத ஒரு கூட்டம் எந்த அளவுக்குக் கணக்கில் வரும் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆக, இந்தப் பிராந்தியத்தை வேலையின்மை விகிதத்தை வைத்து அளப்பவர் உச்சத்தையும் மிகைப்படுத்துவார், சரிவையும் தவறவிடுவார். வாராந்திர வேலை நேரமும் கவுன்ட்டியின் மொத்தக் கூலித்தொகையும்தான் இங்கே பார்க்க வேண்டியவை.

போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லலாம். ஆர்.வி. உற்பத்தி விழுந்தால் நாட்டுக்கே மந்தம் வரும் என்று ஒரு பிரபல நம்பிக்கை உண்டு. 2006 உச்சத்துக்குப் பிறகு வந்த சரிவு அப்படித்தான் முன்கூட்டிக் காட்டியது. ஆனால் 2017ல் 5,04,599 ஆக இருந்தது 2019ல் 4,06,070 ஆக இறங்கியபோது பொருளாதாரம் தன்பாட்டுக்கு வளர்ந்தது. 2022-23ல் இன்னும் பெரிய வீழ்ச்சி, நாட்டளவில் மந்தம் வரவில்லை. அந்த நம்பிக்கையை இனி ஓரமாக வைத்துவிடலாம். எல்க்ஹார்ட்டுக்கு மட்டும் தனியாகவே மந்தம் வரும்.

நல்ல காலம் செய்யும் கெடுதல்

ஒரே பொருளை நம்பாதே, பல தொழிலைக் கொண்டுவா என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. எல்க்ஹார்ட் இதைக் கேட்காத ஊர் இல்லை. அதன் வரலாறே தொழில் மாறிய வரலாறு. 1870களில் சி.ஜி. கான் இங்கே கார்னெட் என்ற ஊதுகருவியைச் செய்யத் தொடங்கி, ஊரை அமெரிக்காவின் பித்தளை இசைக்கருவித் தலைநகராக்கினார். மைல்ஸ் மருந்து நிறுவனம் 1931ல் ஆல்கா செல்ட்சர் என்ற நுரைக்கும் மாத்திரையை இங்கிருந்துதான் கொண்டுவந்தது. 1970களின் இறுதியில் அதை பேயர் வாங்கியது. மருந்தும் ஆய்வகமும் இருந்த காலத்தில் ஊரில் பட்டதாரி வேலைகள் இருந்தன. அவை தேய்ந்த இடத்தை ஆர்.வி. நிரப்பியது.

2009க்குப் பிறகு மின்வண்டிகள் வந்தன. நார்வேயின் திங்க் நிறுவனம் எல்க்ஹார்ட்டில் சிறிய மின்கார் தயாரிக்க வந்தது; 2011ல் தாய் நிறுவனம் திவாலானது. வாக்கருசாவில் நேவிஸ்டார் மின் டெலிவரி வண்டி செய்ய மத்திய அரசின் 3.9 கோடி டாலர் மானியம் பெற்றது. 2009 ஆகஸ்டில் ஒபாமாவே வந்து அதை அறிவித்தார். நாலு ஆண்டில் அந்த வண்டியும் நின்றது. பேட்டரி விலையும் சந்தையும் இன்னும் பழுக்காத காலம் என்பது நியாயமான விளக்கம். ஆனால் அதே ஆண்டுகளில் ஆர்.வி. விற்பனை திரும்பிவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆர்.வி. எழுந்தவுடன் ஊருக்கு மாற்றுத் தொழிலின் அவசரம் போய்விட்டது.

இதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். ஆர்.வி. ஆலைகள் ஆள் எடுக்கும் காலத்தில் வேறு எந்தத் தொழிலும் அந்தச் சம்பளத்தோடு போட்டி போட முடியாது. பள்ளி முடித்த பையன் கல்லூரிக்குப் போவதில் அர்த்தம் தெரியாது. பட்டதாரிகளின் விகிதம் இங்கே தேசிய சராசரியைவிட நன்றாகவே குறைவு. சரிவு வரும்போது மாற்றம் வேண்டும் என்ற ஆசை வருகிறது, ஆனால் அப்போது முதலீடும் வரி வருமானமும் இல்லை. பணம் இருக்கும்போது மனம் இல்லை, மனம் இருக்கும்போது பணம் இல்லை.

விரிவாக்கம் என்று நடந்தவையும் பெரும்பாலும் பக்கத்து வீட்டு விரிவாக்கம். தட்டையான தளம் கொண்ட பான்டூன் படகு, சரக்கு டிரெய்லர், சிறு பஸ், தொழிற்சாலையில் கட்டும் வீடு. கைத்திறன் அதேதான் என்பதால் இது இயல்பு. இதில் படகு ஆர்.வி. வாங்கும் அதே குடும்பத்தின் அதே பணப்பையிலிருந்து வாங்கப்படுவது; வட்டி ஏறினால் இரண்டும் சேர்ந்தே விழும். தொழிற்சாலை வீடு வேறு மாதிரி. வட்டி ஏறி, மனையிலேயே கட்டும் வழக்கமான வீடு எட்டாமல் போகும்போது மலிவான வீட்டுக்குத் தேவை இருக்கும். அந்த வகையில் பிராந்தியத்துக்கு உண்மையான ஈடு கொடுக்கக்கூடியது அதுதான். அதற்கு ஏன் இவ்வளவு குறைந்த கவனம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி

2024ல் 3,33,733 வண்டிகள். அடிமட்டத்தைவிட்டு எழுந்தாயிற்று, ஆனால் மெதுவாக. 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுச் சராசரியைப் போட்டால் ஏறக்குறைய 4.34 லட்சம் வருகிறது. கெட்ட எண்ணே இல்லை. 2021ல் விற்றதில் கணிசமான பகுதி பின்வரும் ஆண்டுகளில் விற்றிருக்க வேண்டியது, முன்னாடியே விற்றுவிட்டது என்று இதைப் படிக்கலாம். அன்று உச்ச விலையில், நீண்ட கடனில் வாங்கியவர்கள் இன்று வண்டியை மாற்ற வந்தால், கடன் பாக்கி வண்டியின் மதிப்பைவிட அதிகமாக இருக்கிறது. அவர்கள் திரும்பச் சந்தைக்கு வர நேரமாகும். அதனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு 3 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் நடுவே என்பதே என் கணிப்பு. 6 லட்சத்தை நினைத்துக்கொண்டு பள்ளிக்கட்டடமும் சாலையும் திட்டமிடும் நகராட்சி கஷ்டப்படும். இந்தியானாவில் சொத்து வரிக்கு அரசியல் சாசனத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது: சொந்தக் குடியிருப்புக்கு மதிப்பில் 1 சதவீதம், தொழிற்சொத்துக்கு 3 சதவீதம். பற்றாக்குறை வந்தால் விகிதத்தை ஏற்றிச் சமாளிக்க இடம் குறைவு.

செலவுப் பக்கத்தில் இறக்குமதி வரி. 2025 மார்ச்சில் எஃகு, அலுமினியத்துக்கு 25 சதவீதம், ஜூனில் 50. சட்டகமும் வெளித்தகடும் இவற்றால்தான். உள்நாட்டு உற்பத்தியைக் காக்கப் போட்ட வரி, முழுக்க முழுக்க உள்நாட்டில் உற்பத்தி செய்யும் ஒரு கவுன்ட்டியின் பொருளை விலையேற்றுகிறது. இந்த வாங்குபவர் மாதத் தவணையைப் பார்த்து முடிவெடுப்பவர். விலையோ வட்டியோ எது ஏறினாலும் அவருக்கு ஒன்றுதான்.

பெரிய மாற்றம் ஒருவேளை கவுன்ட்டிக்கு வெளியிலிருந்து வரலாம். பக்கத்து செயின்ட் ஜோசப் கவுன்ட்டியின் நியூ கார்லைலில் ஜெனரல் மோட்டார்ஸும் சாம்சங் எஸ்.டி.ஐ.யும் 350 கோடி டாலர் பேட்டரி ஆலையையும், அமேசான் 1,100 கோடி டாலர் டேட்டா சென்டரையும் அறிவித்தன. டேட்டா சென்டர் கட்டி முடிந்தபின் ஆள் அதிகம் தேவைப்படாது. பேட்டரி ஆலை வேறு: ஆண்டு முழுக்க ஒரே சீரான ஷிப்ட், மாதா மாதம் ஒரே சம்பளம். மின்காருக்கான தேவை தளர்ந்தால் அதன் வேகமும் தளரும் என்பது வேறு விஷயம். ஆனால் அது திட்டமிட்டபடி ஓடினால், ஏறி இறங்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் நிலையான சம்பளத்துக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இந்தத் தொழிலாளிக்கு நீண்ட காலத்துக்குப் பிறகு கிடைக்கும். அப்போது ஆர்.வி. முதலாளிகள் மூன்று நாள் வாரம் என்ற வசதியை இவ்வளவு சுலபமாகப் பயன்படுத்த முடியாது.

அதுவரை, ஒவ்வொரு செப்டம்பர் இறுதியிலும் எல்க்ஹார்ட்டில் நடக்கும் ஓபன் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாடு முழுக்க இருந்து டீலர்கள் வந்து அடுத்த ஆண்டு மாடல்களைப் பார்த்து ஆர்டர் எழுதும் வாரம் அது. அந்த ஆர்டர்களின் அளவும், டீலர் முற்றத்தில் ஏற்கெனவே நிற்கும் பழைய மாடல்களின் எண்ணிக்கையும் தெரிந்துவிட்டால், அந்தக் குளிர்காலத்தில் ஆலைகள் வாரத்துக்கு எத்தனை நாள் ஓடும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். வேலையின்மைப் புள்ளிவிவரம் அதற்கு மாதங்கள் கழித்து வரும், வந்தாலும் அதில் பாதிதான் இருக்கும்.